நாலாவது சங்கிலி

...மூன்று சக்கரத்துக்கு மாட்டிவிட்டேன், நாலாவது சங்கிலியில் கொக்கியே இல்லை என்று ஹர்ஜீத் ஹெட்போனுக்குள் சொல்கிறார், எனக்கோ அப்பாவின் ஹெல்மெட் ஞாபகம் வருகிறது, இந்த நேரத்தில் அது ஏன் வரவேண்டும், ஆனால் வருகிறது. பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டே வேங்கிக்கால் வரை போவார், கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலையில் ஏற்றுவார், தாண்டியதும் திரும்ப டேங்குக்கு. வார் எப்போதோ அறுந்துபோயிற்று, மாட்டினால்தானே அறுந்தது தெரியும். ஹர்ஜீத்தின் சங்கிலியும் அப்படித்தான் லாரியின் முதுகில் மூன்று குளிர்காலமாய்ச் சும்மா தொங்கியிருக்கிறது. அமெரிக்காவில், கொலராடோ மலைமேல், பனியில் லாரியோடு அவர். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டு மாடி அறையில், விடிகாலையில் நான். அவருக்கு வழி சொல்வது என் வேலை, பனியைக் கண்ணால் பார்த்தது கிடையாது, பிரிட்ஜைத் திறந்தால் ஐஸ் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பனி.

விதி எனக்குத் தெரியாமல் இல்லை, வேலைக்குச் சேர்ந்தபோதே மனப்பாடம் பண்ணியதுதான். குளிர்காலம் முழுக்க அந்த ரோட்டில் ஏறும் லாரியில், பனியில் டயர் வழுக்காமலிருக்கச் சுற்றி மாட்டுகிற சங்கிலி இருக்கவேண்டும், அது ஒரு விதி. பனி கொட்டி, ரோட்டோர போர்டில் சங்கிலி மாட்டு என்று விளக்கெழுத்து எரிந்தால் மாட்டியே ஆகவேண்டும், இன்ஜின் இழுக்கிற சக்கரங்களில் நாலுக்கு, அது இன்னொரு விதி. நான் முதல் விதியோடு நின்றுவிட்டேன். சங்கிலி இருக்கிறதா என்று கேட்டேன், தொங்குகிறது என்றார், அப்படியானால் கிளம்புங்கள் என்றேன். மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும், எங்கள் ஊரில் இருந்தால் போதும், வண்டியில் எங்கேயோ இருந்தால் போதும்... கணவாய்க்குக் கீழே, சங்கிலி மாட்டுவதற்கென்று விட்டிருக்கும் அகலமான ஓரத்தில் இப்போது அவர் நிற்கிறார். அங்கே பொழுது சாய்கிறதாம். பின்னால் லாரி வரிசை, திரும்ப இடமில்லை, நெடுஞ்சாலையில் ஏது திரும்புவது, ஏறினால் ஏறியதுதான். விரல் மரத்துவிட்டது என்கிறார். என்னால்தான் அங்கே நிற்கிறார்.

கீழே டம்ளர் சத்தம். வந்துவிட்டார்கள்போல. கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிற குடும்பம், மாப்பிள்ளை பெயர் சரவணகுமார், எல்லாம் தனம் அத்தை பார்த்துச் செய்த ஏற்பாடு. பெண் பார்க்க வருகிறோம் என்று வந்தால்தானே பிடித்தது பிடிக்காதது என்று பேச்சு வரும், தீபத்தன்று கிரிவலம் போகிற வழியில் தற்செயலாய் வந்த மாதிரி வந்து, காபி குடித்து, ரெண்டு குடும்பமும் சேர்ந்து மலையைச் சுற்றினால்? யார் மனமும் நோகாதாம். அத்தை கெட்டிக்காரி. சுற்றி முடித்தால் பாதி நிச்சயம் ஆன மாதிரிதான் என்று நேற்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது, எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கிரிவலத்தைப் பாதியில் விட்டுத் திரும்பக் கூடாது, சின்னப் பிள்ளையில் கால் கொப்புளித்து அழுதபோதே அப்பா சொன்னது, ஆரம்பிச்சா முடிக்கணும். ஆக, காலை எடுத்து வைத்தால் தீர்ந்தது. பிடிக்கவில்லை என்று சொல்லலாமே? யார் கேட்டார்கள், கேட்டால்தானே சொல்ல. கல்யாணமானால் இந்த ராத்திரி வேலை வேண்டாமாம், அதுவும் அத்தை வழியாக வந்த சேதிதான். பகலில் தூங்குகிற பொண்ணு என்று தெருவில் பேசுகிறார்களாம். எனக்கு இந்த வேலை வேண்டும். சத்தமாகச் சொல்லிப் பார்த்ததே இல்லை, மனசுக்குள் சொல்லும்போதே யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஓடிப்போகலாம் என்றாலும் இன்றைக்கு முடியாது, ஜன்னலுக்குக் கீழே போலீஸ் தடுப்பு, பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், ரோடு முழுக்க ஜனம், எல்லாரும் ஒரே பக்கமாய் நடக்கிறார்கள், எதிரில் ஒருத்தரும் வரவில்லை.

போன் அடிக்கிறது, பிரசாத் சார். சென்னையில் உட்கார்ந்திருக்கிறார், என்னைப் போல ஏழெட்டுப் பேருக்கு மேலே அவர். தயிர் லோடு, காலைக்குள் போய்ச் சேரவேண்டும், கணவாயை மூடிவிட்டால் கம்பெனி முதலாளி தன்னைத்தான் கேட்பார் என்று ஆரம்பித்தார். நாலாவதில் கொக்கி இல்லை சார் என்றேன். குரலைத் தாழ்த்தினார், குரலைத் தாழ்த்தினாலே எனக்குப் பயம்.

"மூணு போட்டாச்சு இல்ல, நாலாவத சும்மா சுத்தி கம்பியால கட்டச் சொல்லு அருணா. இருட்டுல யாரு குனிஞ்சு பாக்கப் போறான்?"

கட்டினது அவிழ்ந்தா, என்றேன். அவிழாது என்றார். அவிழ்ந்தாலும் மீதி மூன்று இழுக்கும் என்றார். அப்படியே ஹர்ஜீத் போகமாட்டேன் என்றால் அவர் வாயாலேயே சொல்லட்டும், நீயாக நில்லு என்று சொல்லிவிடாதே, சொன்னால் அது உன் தலையில் விழும், வேலை உனக்கு வேணும்தானே என்றார். வேணும்தானே. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது எனக்கு என்ன வேண்டுமென்று, கேட்பதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை. ஹர்ஜீத் தானாக நின்றால் வேலை செய்ய மறுத்தார் என்று அவர்மேல் எழுதுவார்கள், அதனால் அவர் என் வாயைப் பார்க்கிறார். நான் சொன்னால் என்மேல், அதனால் நான் அவர் வாயைப் பார்க்கிறேன். மேலே ஏறினால் இறக்கம், இறக்கத்தில் பின்னால் ஒரு லாரி நிறையத் தயிர் தள்ளும்... தயிருக்காக ஒரு ஆள். அவர் பெண் இந்த வருஷம் பள்ளியில் சேர்ந்தது எனக்குத் தெரியும், நாய் குட்டி போட்டது தெரியும், முகம் தெரியாது. அப்பா ஒரு தடவை விழுந்தபோது ஹெல்மெட் தலையிலிருந்து கழன்று தனியாய் உருண்டு போனதாம், தலை தப்பியது, அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நாங்களும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம்?

"அருணா ஜி," என்கிறார் ஹர்ஜீத். என்ன செய்யட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். காற்று சத்தம் போனுக்குள் இரைகிறது.

"நில்லுங்க. போகாதீங்க," என்றேன். முதலில் தமிழிலேயே வந்துவிட்டது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன், நான்தான் நிறுத்தினேன் என்று யார் கேட்டாலும் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். மெஸேஜாகவும் அடித்து பிரசாத் சாருக்கும் போகிற மாதிரி அனுப்பினேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று. மூன்று சங்கிலி மாட்டும்போதே போகக்கூடாதென்று தெரியும், யாராவது ஒருத்தர் சொல்லமாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என்றார் மெதுவாக. இவ்வளவு பெரிய ஆள், தாடி வைத்தவர், இருபது டன் இழுக்கிறவர்... அவருக்குமா?

"அருணா, எறங்கி வாம்மா, எல்லாரும் கெளம்பிட்டாங்க," படிக்கட்டில் அம்மா.

இப்போதே, வாய் சூடாக இருக்கும்போதே சொல்லிவிடவேண்டும், நில்லுங்க, போகாதீங்க, அதே ரெண்டு வார்த்தைதானே, புதிதாய் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

"வரேம்மா," என்றது வாய்.

லேப்டாப் மின்னிக்கொண்டே இருக்கிறது, பிரசாத் சார் அழைக்கிறார், எடுக்கவில்லை. செருப்பை மாடியிலேயே விட்டேன், கிரிவலத்துக்கு வெறுங்கால்தான், கார்த்திகைக் குளிரில் சிமெண்டுப் படி ஜில்லென்று உள்ளங்காலில் ஏறியது. ஹர்ஜீத்துக்குச் சொல்ல நான் இருந்தேன், எனக்குச் சொல்ல யார் என்று நினைத்தபோது அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டேன், அத்தை பார்த்தால் வெட்கம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள். வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள், மலை உச்சியில் இன்னும் மூடுபனி. அவர் ஓரமாக நின்றார், சரவணகுமார், புது வேட்டி, வெறுங்கால். என்னைப் பார்க்கவில்லை. போலீஸ் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கேயிருந்து யாராவது வந்து ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல.

"நடங்க நடங்க, வெயில் ஏறிடும்," என்றாள் தனம் அத்தை. அம்மா நடந்தாள், அப்பா நடந்தார், சரவணகுமாரின் அப்பா அம்மாவும் கும்பிட்டுவிட்டு ஜனத்தோடு கலந்து நடந்தார்கள். அவர் நகரவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார், நீங்க முதல்ல நடங்க என்கிற பார்வையா, இல்லை... மூன்று சங்கிலியை மாட்டிவிட்டு விரல் மரத்து உட்கார்ந்திருந்தவரின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும். இவரும் நான் சொல்லட்டும் என்றுதான் நிற்கிறாரா? அத்தை கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறாள். நாங்கள் ரெண்டு பேரும் இன்னும் காலை எடுத்து வைக்கவில்லை.