மூன்றாம் மாடியும் தரைத்தளமும்

ஏழு மாதமாக ஒரு வீடும் கைமாறவில்லை. வங்கிகள் கடன் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்டன. வாங்க நினைத்தவர்களோ, விலை இன்னும் இறங்கட்டும் என்று நாளைக் கடத்தினார்கள். அந்த வட்டாரத்தில் இருந்த மூன்று தரகர்களில் ஒருவர் இன்சூரன்ஸ் பிடிக்கப் போய்விட்டார். இன்னொருவர் மச்சான் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். புரோக்கரம்மா மட்டும் விடாப்பிடியாகத் தினமும் அலுவலகத்தைத் திறந்தாள். அலுவலகம் என்றால் இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்டிக்கொண்டே அவள் காலை வாருகிற நாத்தனார்.

"இன்னைக்கும் டிரைவர் ஐயா வீடா அண்ணி? அந்தப் படியை ஏறி இறங்கியே பாதியா இளைச்சுட்டீங்க. அந்த வகையில லாபம்தான்."

டிரைவர் ஐயா பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மூன்று படுக்கையறை வீட்டில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். மனைவிக்கு முழங்கால் தேய்ந்துபோய்ப் படி இறங்க முடியவில்லை. வீட்டை விற்றுத் தரச் சொன்னது டிரைவர் ஐயாதான். ஆனால் யார் பார்க்க வந்தாலும் அவரே வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

அன்றைக்கு ஓர் இளம் ஜோடி வந்திருந்தது. அந்தப் பெண் சமையலறையில் நின்று ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்தைக் கையால் அளந்துகூடப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஐயா, "மழை பெஞ்சா அந்த மூலையில ஒழுகும். பக்கத்து வீட்டு நாய் விடிய விடிய குரைக்கும்" என்றார். ஜோடி மெல்ல நழுவியது.

புரோக்கரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, போன மழைக்கு நான் இங்கதான் நின்னேன், ஒரு சொட்டு ஒழுகல. நாயை நான் பார்த்ததே இல்ல. விக்க மனசில்லைன்னா சொல்லிடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "வித்தா மக ஊருக்குப் போகணும்மா. அங்க இவருக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா? இந்தத் தெருவுல முப்பது வருஷம் ஆச்சு. எனக்கு மாடிதான் வேணாம். தெரு வேணும்."

புரோக்கரம்மா படி இறங்கினாள். இரண்டாம் மாடிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. படியிலேயே உட்கார்ந்தாள். அடுத்த கட்டடத்துத் தரைத்தளத்தில் தையல்காரியின் வீடு. அதையும் எட்டு மாதமாக விற்கப் பார்த்துக்கொண்டிருப்பது புரோக்கரம்மாதான். தையல்காரிக்கு இடம் போதவில்லை, டிரைவர் ஐயாவுக்கு இடம் அதிகம். இரண்டுக்கும் ஊரெல்லாம் ஆள் தேடி அலைந்திருக்கிறாள். தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

தையல்காரி வீட்டில் இரண்டே அறை, மூன்று தையல் மெஷின். கடைகளுக்குத் தைத்துப் போடுகிற துணிமூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் அவள் மகள்கள் இருவரும் வீட்டுப்பாடம் எழுதினார்கள். டிரைவர் ஐயா வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம், மிச்சத் தொகைக்கு மட்டும் சின்னக் கடன் போதும் என்று புரோக்கரம்மா சொன்னதும் தையல்காரியின் கை மெஷின்மேல் நின்றது. அவள் கணவன் மட்டும் முகத்தைச் சுளித்தான்.

"ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கலாம்னுதானே இந்த யோசனை?"

"ஆமா தம்பி, ரெண்டு பக்கமும் வாங்குவேன். ஏழு மாசமா எந்தப் பக்கமும் வாங்கலையே."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மூட்டையெல்லாம் மூணு மாடி யாரு தூக்குறது?" என்று கேட்டவன், மறுநாள் மூன்றாம் மாடிப் பால்கனியைப் பார்த்துவிட்டு, கப்பி மாட்டிக் கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம் என்று தானே வழி சொன்னான். இதே தெருவில் இருக்கலாம் என்றானதும் டிரைவர் ஐயா ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, "காலைல பத்து மணி வரைக்கும் குழாயில தண்ணி மெதுவாத்தான் வரும். இது நெஜம்" என்றார்.

வங்கி ஆறு வாரம் இழுத்தடித்தது. புரோக்கரம்மா காகிதங்களோடு ஒன்பது முறை போய் வந்தாள். கடைசியில் கையெழுத்தானது.

வீடு மாறிய நாளில் டிரைவர் ஐயாவின் மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரத்தில் கீழே வந்து சேர்ந்தார். வந்தவர் புது வீட்டுக்குள் போகவில்லை. "இருங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று நடக்க ஆரம்பித்தார். டிரைவர் ஐயா பின்னாலேயே ஓடினார்.

அன்று சாயங்காலம் புரோக்கரம்மா, விற்க இருக்கும் வீடுகளின் பட்டியலை நாத்தனார் முன்னால் வைத்தாள். "இவங்க ஏன் விக்கிறாங்கன்னு நாம ஒருத்தரையும் ஒழுங்கா கேட்டதே இல்லடி. ஒவ்வொருத்தருக்கா போன் போடு. வீட்டைப் பத்திக் கேக்காதே, எங்க போகணும்னு கேளு."

நாத்தனார் அன்றைக்கு ஒரு கிண்டலும் பண்ணவில்லை. எட்டு மணிக்குள் பதினாறு பேரிடம் பேசிவிட்டாள். அதில் இரண்டு ஜோடி வீடுகள் நேராகப் பொருந்தின. இன்னும் மூன்று பேர், ஒருவர் வீட்டுக்கு அடுத்தவர் என்று வட்டமாக மாறினால் சரியாக வரும்போல இருந்தது.

"மூணு பேரா? தலை சுத்துது அண்ணி."

"சுத்தட்டும்" என்று புரோக்கரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முதல் ஆளு யாரு, சொல்லு."