புளி போட்ட ரவைக் கோதுகள்

எண்பத்தாறாம் வருஷம், கனடாவுக்கு வந்திருந்த மாமாங்கம் என்பவனுக்கு ஒரேயொரு வைராக்கியம்தான் இருந்தது. இந்தச் சனிக்கிழமையாவது தும்புத்தடியைக் கையில் எடுக்கக்கூடாது. பிறம்ரன் வெயர்ஹவுசில் கூட வேலைசெய்யும் பிராங்க்தான் அவனைக் குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டவன். போட்டியில் கடைசியாக வருகிறவன் இடத்தைக் கூட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அங்கே சட்டம். சேர்ந்த நாள் தொட்டுக் கூட்டுவது மாமாங்கம்தான். பிராங்க் தும்புத்தடியை நீட்டிக் கண்ணடிப்பான். கூட்டுவதைக்கூடப் பொறுக்கலாம், அந்தக் கண்ணடிப்பைத்தான் பொறுக்கமுடியவில்லை.

பிழை கண்ணிலுமில்லை கையிலுமில்லை, கோதில்தான் என்று கடைசியில் கண்டுபிடித்தான். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுக்குள் திரும்ப மருந்தும் சன்னமும் அடைத்துத்தான் சுடுவார்கள். ஒரு கோது தடிப்பு, ஒன்று மெல்லிசு என்றால் ஒரு வெடி மேலே போகும், மற்றது கீழே போகும். ஆகவே டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற் குசினி மேசையில் ஒவ்வொன்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, சின்னத் தராசில் நிறுத்து, பாரம், நடுத்தரம், லேசு என்று மூன்று பால்மாத் தகர ரின்களில் பிரித்து வைத்தான். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதுகூட இவ்வளவு மினக்கெடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலைவிட்டு வந்து பார்த்தால் மூன்று ரின்னும் வெறுமை. கோதுகள் எல்லாம் ஒரே துவாயில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பளபளத்துக்கொண்டு கிடந்தன.

“இஞ்சாருங்க, விளக்கோட சேத்து அதுகளையும் புளி போட்டு மினுக்கிட்டன்,” என்றாள் மனைவி கோணேஸ்வரி. விளக்கைவிட அவள் முகம்தான் பிரகாசம். “கரி பிடிச்சு, பாக்கவே ஏலாமக் கிடந்திச்சு.”

ஏச்சு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் மாமாங்கம் அதை விழுங்கிக்கொண்டான்.

“மூண்டையும் கலந்திட்டியே புள்ள! பாரம் பாத்தெல்லோ பிரிச்சு வச்சனான். நாளைக்கும் எனக்குத் தும்புத்தடிதான்.”

அவள் தலையில் கைவைத்தாள். பிறகு துவாயோடு எல்லாவற்றையும் மேசைக்கு இழுத்தாள். “நான் தராசில வைக்கிறன். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பாதியில் ஒரு கோதை லைற்றுக்கு நேரே பிடித்தாள். “இதென்ன, அடியில மயிரளவுக்கு ஒரு வளையம்?”

மாமாங்கம் வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் தடவினான். பள்ளம் தட்டுப்பட்டது. அடுத்த வெடியில் அடி கழன்று முகத்துக்கு நேரே பிளந்திருக்கக்கூடிய கோது. கரிக்குள் அது அவன் கண்ணில் படவேயில்லை. அதைத் தனியே கழித்து வைத்தான். தராசையே கட்டிக்கொண்டு கிடந்த தன் புத்தியை நினைக்க வெட்கமாகவும், அவளை நினைக்கப் பெருமையாகவும் இருந்தது.

“அப்ப நான் செஞ்சது நல்லதுதானே?”

“நல்லதுதான். இனிமேல் கலக்காம, ரின் ரின்னாக் கழுவு.”

அடுத்தநாள் போட்டி முடிந்து அவன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, கழித்துவிட்ட அந்தக் கோதில் கொஞ்சம் அரிசி போட்டு, ஊதுபத்தி குத்தி, விளக்கடியில் வைத்திருந்தாள் கோணேஸ்வரி. எத்தனையாவதாக வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

“தும்புத்தடி ஆருக்கு?”

மாமாங்கம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கண்ணடித்தான்.

“பிராங்குக்கு. அவனுக்கும் கொஞ்சம் புளி வேணுமாம்.”