பூட்டுக் கட்டம்

உதவி செய்கிறோம் என்றுதான் அவன் நினைத்தான். உலகத்தில் நடந்த பாதி நாசங்கள் அப்படி நினைத்துச் செய்தவைதான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. விடுமுறை நாள் காலை. மனைவி குளியலறையில் இருந்தாள். அவளுடைய போன் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் குவளைமேல் சாய்ந்து திறந்தபடி கிடந்தது. திரையில் அவள் எப்போதும் ஆடும் பொத்தான் விளையாட்டு. ஒரே நிறப் பொத்தான்கள் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் அவை மறையும், மேலிருந்து வேறு பொத்தான்கள் விழும், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் கீழே ஒரு பூட்டிய பெட்டி. மேலே மாட்டிக்கொண்டிருக்கும் சாவியை எப்படியாவது பெட்டிவரை இறக்க வேண்டும். போன வருஷம் மழைக்காலத்தில் எட்டிப் பார்த்தபோதும் அவள் இதே பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். பாவம், மாட்டிக்கொண்டுவிட்டாள் என்று அவனுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் திமிரும் வந்தது. முதல் முறை தோற்றான். அடுத்த முறை ஓரங்களைத் தொடாமல் கீழ்வரிசையையே குடைந்தான். சாவி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெட்டி திறந்தது. திரை முழுக்க மத்தாப்பு.

தலையில் துண்டோடு வந்தவளிடம் போனை வெற்றிக் கோப்பை மாதிரித் தூக்கிக் காட்டினான்.

"பாத்தியா! ஒரு வருஷமா தொறக்காத பெட்டி!"

அவள் திரையைப் பார்த்தாள். நர்ஸ் வேலையில் இருப்பவள். கெட்ட செய்தியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகியவள். அந்த முகமே ஒரு கணம் பழக்கம் மறந்தது.

"உங்கள யாருங்க கேட்டா?"

"மாட்டிக்கிட்டு முழிக்கிறியேன்னு..."

"மாட்டிக்கிட்டேன்னு நான் சொன்னேனா?"

போனை வாங்கிப் பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். வளைந்து வளைந்து மேலேறும் ஒரு பாதை தெரிந்தது. அதில் அவள் படம் போட்ட சின்ன வட்டம் புதிய படியில் ஏறி நின்று சந்தோஷமாகக் குதித்துக்கொண்டிருந்தது. பழைய கட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஆடலாம். ஏறிய வட்டம் மட்டும் இறங்காது.

"என்ன ஆச்சு இப்ப?"

"ஒண்ணுமில்ல."

அந்த வீட்டில் 'ஒண்ணுமில்ல' பல அளவுகளில் கிடைக்கும். இது இருப்பதிலேயே பெரியது.

அவனும் விளையாடுகிறவன்தான். இந்த வயதிலும் விளையாடுகிறான் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது, இன்னும் குணமாகவில்லை என்கிற தொனி இருக்கும். பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்சுகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்க்கிற வேலை. ஊரார் கண்களையெல்லாம் சரிக்கட்டிவிட்டு, எரிகிற தன் கண்களோடு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் விழுவான். அவன் கணக்கில் விளையாட்டு என்றால் வியூக விளையாட்டுதான். கட்டம் போட்ட தரை, ஒரு சிறிய படை, இவன் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை நகர்த்துவான். படைவீரர்களுக்கு அவன் சொந்தக்காரர்களின் பெயரைத்தான் வைத்திருந்தான். மனைவி காயத்துக்குக் கட்டுப் போடுகிறவள். மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, தூரத்திலிருந்து குறிபார்ப்பவள். மாமியாருக்குப் பீரங்கி. அவர் இறந்த பிறகும் அந்தப் பீரங்கியை வேறு யாருக்கும் அவன் கொடுக்கவில்லை. தன் பெயர்க்காரனை மட்டும் கடைசி வரிசையில், கெட்டியான சுவராகப் பார்த்து அதன் பின்னால் நிறுத்துவான். முன்னால் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதில்லை.

அவனுக்கு அதில் பிடித்தது சண்டையே இல்லை. நீ முடிவெடுக்கும்வரை உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான். சுட்டால் படுமா படாதா என்பதை எதிராளியின் தலைக்கு மேலேயே எழுதிக் காட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடியெடுத்து வைக்கும் முன்னால் சேமித்து வைத்துக்கொள்ளலாம். சொதப்பினால் திரும்பப் போய் நல்லவனாக வரலாம்.

அடிதடி விளையாட்டு வேறு ரகம். அங்கே யோசிக்க நேரமில்லை, விரல்தான் யோசிக்க வேண்டும். கடையில் பில் போடுகிறவரை எல்லோரும் கொக்கு என்பார்கள், கழுத்து அப்படி. மதிய இடைவேளையில் பின்னறைப் பழைய டிவியில் அவரோடு ஒரு கை போடுவான். எந்த அடிக்குப் பின் எந்த அடி சேரும், எந்தக் குத்தைத் தடுத்தால் எதிராளி தடுமாறுவான் என்று இவன் வீடியோ பார்த்துப் படித்து வைத்திருந்தான். கொக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. குந்திக்கொண்டு காலில் உதைப்பார். மறுபடி குந்திக்கொண்டு காலில் உதைப்பார். இவன் தன் வித்தைகளோடு ஆகாயத்தில் பறந்து வந்து, அவர் காலடியில் விழுந்து சாவான்.

"படிச்சவன் அடி வாங்குற அழகே தனிடா," என்பார் கொக்கு, பொரி மென்றபடி.

போனில் ஆடுவதை மட்டும் அவன் விளையாட்டில் சேர்த்ததே இல்லை. கொட்டாவிக்குத் துணை என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறான். அவள் சிரித்துவிட்டுப் பொத்தான்களை நகர்த்துவாள்.

அந்தக் காலைக்குப் பிறகு வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. என்ன சத்தம் என்று பிடிபடச் சில நாட்கள் ஆயின. தினமும் காலையில் அவள் டீ போடும்போது போன் 'டிங்' என்று ஒருமுறை ஒலிக்கும். விளம்பரம் என்று நினைத்திருந்தான். இப்போது டீ கொதித்தது, அடங்கியது, போன் சும்மா இருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது அதை எடுக்க மறந்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பஸ் நிறுத்தத்தில் பொத்தான் ஆடாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சாயங்காலம் அவளாகவே போனை நீட்டி, "சத்தத்த கூட்டி வைங்க, ஆஸ்பத்திரியில கூப்டா கேக்க மாட்டேங்குது" என்றாள். கூட்டி வைத்த பிறகு, கை தானாக விளையாட்டுக்குள் போனது. இந்த முறை பொத்தான்களைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தான். புதிய படியில் இவள் முகம். கீழே, பூட்டுக் கட்டத்தில், இன்னொரு முகம். மச்சினி.

அந்த விளையாட்டில் தோற்றால் ஓர் உயிர் போய்விடும். எல்லாம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவர்கள் யாராவது ஒன்று அனுப்பி வைக்க வேண்டும். வந்த உயிர்களின் வரிசையை விரலால் தள்ளிக்கொண்டே போனான். எல்லாம் ஒரே ஆளிடமிருந்து, காலை டீ நேரத்தில் வந்தவை. போனவையும் ஒரே ஆளுக்கு. அந்த விடுமுறை நாளோடு எல்லாம் நின்றிருந்தது.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அம்மாவுக்கு முடியாமல் போன அன்று, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தங்கை போன் செய்தாள். வார்டில் ஆள் இல்லை, மாற்றி விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள் அக்கா. வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. "யார் யாருக்கோ கையப் புடிச்சுப் பாக்குற" என்று தங்கை கேட்டதுதான் கடைசி வார்த்தை. எல்லாம் முறிந்துபோய்விட்டது என்றே அவன் நம்பியிருந்தான். இரண்டு பேரும் ஒரு பூட்டிய பெட்டியின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. அந்த இடத்திலிருந்துதான் ஒருத்தியைத் தூக்கி மேல்படியில் வைத்து மத்தாப்பு விட்டிருக்கிறான்.

சேமித்து வைத்த இடம் எதுவும் இல்லை. திரும்பிப் போக முடியாது.

மறுநாள் மதியம் கொக்கிடம் சொன்னான். தன் திட்டத்தையும் சொன்னான். முதலில் மச்சினியின் கணவரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பது. பிறகு கண் பரிசோதனை என்று கடைக்கு வரவழைப்பது. சட்டம் தேர்வு செய்யும்போது பேச்சை மெதுவாக அக்கா பக்கம் திருப்புவது. கொக்கு கேட்டுக்கொண்டே அவனைக் காலில் உதைத்துக் கொன்றார்.

"ஏண்டா, தப்பு பண்ணுனது நீ. கண்ணு டெஸ்ட் அந்தப் பொண்ணுக்கா?"

சாயங்காலம் அரைமணி முன்னதாகக் கிளம்பி மச்சினி வேலை செய்யும் பார்சல் ஆபீசுக்குப் போனான். நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இருக்கும் களைப்பு அவள் தோளில் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சம் காட்டி, டேப்பைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் கை நின்றது.

"வாங்க மாமா. அவளுக்கு என்னமும் ஆச்சா?"

"ஒண்ணுமில்லம்மா," என்றான். அந்த வார்த்தையைச் சொன்னதும் தன் மேலேயே வெறுப்பு வந்தது. "அந்தப் பெட்டியத் தொறந்தது உங்கக்கா இல்ல. நான். அவ குளிச்சிட்டிருந்தா. தெரியாம பண்ணிட்டேன்."

அவள் டேப்பை இழுத்தாள். நீளமாக, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி.

"அவதான் ஏறிப் போயிட்டான்னு நெனச்சேன். போறவளுக்கு எதுக்கு உயிர்னு விட்டுட்டேன்."

"அவ போகல. நான்தான் தள்ளி விட்டுட்டேன்." வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத குறை அவனுக்கு ஆதியிலிருந்தே உண்டு. "வேணும்னா உன்னோடதயும் நானே முடிச்சுக் குடுத்துர்றேன். சின்ன வேலதான், ஓரத்தத் தொடாம..."

அவள் தன் போனைச் சட்டென்று மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"அத முடிக்கத் தெரியாமயா மாமா இத்தன நாளு உக்காந்திருந்தேன்? சாவி பெட்டிக்கு மேல வந்து நிக்கும். வேற பக்கம் தள்ளி விட்டுருவேன். தோத்தாத்தான உயிர் கேக்க முடியும்?"

வேண்டுமென்றே தோற்பதற்கு ஒரு காரணம் இருக்க முடியும் என்பது இத்தனை வருஷ ஆட்டத்தில் அவன் புத்திக்கு எட்டியதில்லை. பஸ் நிறுத்தத்தில் மனைவி பொத்தான்களை நகர்த்தும் விரல் நினைவுக்கு வந்தது. அவசரமே இல்லாத விரல். அவளும் தள்ளி விட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

எதிரில் நிற்கிறவளின் தலைக்கு மேலே பார்த்தான். டியூப்லைட் மட்டும் இருந்தது. ஒத்திகை பார்த்து வந்த வாசகம் எதுவும் வாய்க்கு வரவில்லை. கொக்கின் வித்தைதான் மிச்சம்: குந்தி உட்கார்ந்து காலில் ஓர் உதை.

"அவகிட்ட பேசுவியா, மாட்டியா?"

அவள் போனை மேசைமேல் வைத்தாள். பொத்தான்களை நகர்த்த ஆரம்பித்தாள். அவனைவிட நன்றாகவே ஆடினாள். சாவி இறங்கிப் பெட்டிக்கு மேலே வந்து நின்றது. விரலும் நின்றது. பின்னால் யாரோ வண்டியில் பார்சல்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு கடைசியாக ஒரு நகர்த்தல். மத்தாப்பு வெடித்து முடிவதற்குள் அதை மூடி, இதயம் போட்டிருந்த ஓர் உயிரை அழுத்தி அக்காவுக்கு அனுப்பினாள்.

"பேச மாட்டேன் மாமா," என்றாள் நிமிர்ந்து. "அன்னிக்கு அவ வராதது எனக்கு இன்னும் ஆறல. ஆறுனா நானே கூப்புடுவேன், நீங்க நடுவுல வராதீங்க. உயிரு தெனமும் வரும்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம், அவ போன தொடாதீங்க."

அவன் தலையாட்டினான். அவள் அடுத்த பார்சலை எடுத்துக்கொண்டாள். மேசைமேல், டேப் சுருளுக்கும் கத்திக்கும் நடுவே, போன் இன்னும் அணையாமல் கிடந்தது. மேல்படியில் இரண்டு சின்ன முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்று எழும்போது மற்றது இறங்கியது.