வெள்ளிப் பூச்சு

மந்திரி வருகிறார் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆஸ்பத்திரியிலிருந்த இரும்புக்கெல்லாம் வெள்ளிப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தான். ஆபரேஷன் தியேட்டர் சிலிண்டர்களும் தப்பவில்லை. கறுப்பு என்றால் ஒட்சிசன், நீலம் என்றால் மயக்க வாயு. பன்னிரண்டு வருடமாக அந்த நிறத்தை நம்பித்தான் தியேட்டர் உதவியாள் மீராசாஹிப் குழாய் மாட்டினார். அவசர ஆபரேஷன் என்று ஓடிவந்தவர் இப்போதுதான் பார்க்கிறார், இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கின்றன.

மேசையில் எல்கடுவத் தோட்டத்துப் பாலாமணி கிடந்தாள். டொக்டரின் இரண்டு கைகளும் அவள் வயிற்றுக்குள் இருந்தன. நர்ஸ் ஒரு கையால் முகமூடியில் மயக்க மருந்தான ஈதரைச் சொட்டவிட்டுக்கொண்டு, மறுகையால் அவள் தாடையைத் தாங்கியிருந்தாள்.

“உதடு நீலமாகுது! ஒட்சிசன மாட்டுங்க, மீராசாஹிப்!” என்றார் டொக்டர்.

மீராசாஹிப் சிலிண்டரைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். பாழாய்ப்போன பெயின்டர் பழைய நிறத்தை முழுதாகத் தேய்த்தெடுத்துவிட்டே பூசியிருந்தான். அடியில் வெறும் இரும்பு.

“எது எதுன்னு தெரியலைங்க, ஐயா.”

“தொறந்து நீங்களே இழுத்துப் பாருங்க. தல சுத்துனா அது மயக்க வாயு.”

நோன்பு முறிந்தால் முறியட்டும் என்று மீராசாஹிப் குழாயை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார். தலை சுற்றியது. மற்ற சிலிண்டரையும் திறந்து இழுத்தார். அதிலும் சுற்றியது.

“சீக்கிரம் சொல்லுங்க! எதுல சுத்துது?”

அன்று விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடும் சஹருக்கு எழும்பாமல் தூங்கிப்போயிருந்தார் மீராசாஹிப். காலையிலிருந்தே அவருக்குத் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.