கடைசிப் படம் ஏறும்வரை

சர்ச்சில் இரண்டாவது பாட்டின் நடுவில் சாராவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. பார்த்தாள்.

'அப்பா புதிய படங்களைச் சேர்த்துள்ளார்.'

அப்பா ஞானாபரணம் கைக்கெட்டும் தூரத்தில், ஸ்க்ரூ முடுக்கிய சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தொட்டாள். முந்தாநாள் ராத்திரி அவர் போன கல்யாணத்தின் பந்தி. அடுத்தது ஒரு மங்கலான பெருவிரல். அவர் எடுத்ததில் பாதி பெருவிரல்தான்.

நேற்று விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரே, அப்போதிருந்து அந்தப் போனைக் காணோம். அடித்தால் மணி போகும், எடுக்க ஆளில்லை. ஆஸ்பத்திரியில் எவனோ அமுக்கிவிட்டான் என்றே நினைத்தார்கள்.

"அண்ணா, கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போன கோட்டைத்தான் அப்பாவுக்கு மாட்டுனீங்களா?"

"ஆமா கண்ணு. ஏன்?" என்றான் கிறிஸ்டோ.

"உள்பாக்கெட்டைப் பாத்தீங்களா? கல்யாணத்துல சைலண்ட்ல போட்டிருப்பாருங்க."

அவள் நீட்டிய திரையைப் பார்த்ததும் அவன் தலை பெட்டிப் பக்கம் திரும்பியது.

போன கிறிஸ்துமஸுக்கு அவள்தான் அந்தப் போனில் கிளவுடை இணைத்தாள். "ஒருக்கா மேல ஏறிட்டா போன் தொலைஞ்சாலும் படம் தொலையாதுங்கப்பா. எனக்கும் தானா வந்துரும்."

"வைஃபை இருக்கற எடத்துல மட்டும் ஏறட்டும் அம்மணி. டேட்டாவ அது குடிச்சுப்போடும்."

பல்லடத்து வீட்டில் வைஃபை கிடையாது. இந்தச் சர்ச்சில் உண்டு. முன்னின்று போட்டவரே அவர்தான். ஆனால் வாசலிலேயே போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆண்டவர் சன்னிதியில் என்ன போன்?

இன்றுதான் அணைக்காமல் வந்திருக்கிறார்.

புதுசிலிருந்து பழசுக்குப் படங்கள் வந்துகொண்டிருந்தன. கரண்ட் மீட்டர். தெருநாய். மறுபடி பெருவிரல். அம்மா விமலாராணி இறந்தது போன வருஷம். அவள் பேசுகிற ஒரே வீடியோ அந்தப் போனில்தான் இருக்கிறது. அதுவரை வருமா? சார்ஜ் நிற்குமா?

"பெட்டியத் தொறக்கச் சொல்லுங்கண்ணா."

"பைத்தியமா உனக்கு? சபையே கூடியிருக்குது. பொணத்துப் பாக்கெட்டுல கைய உடச் சொல்றியா?"

"அம்மா குரல் அதுல மட்டுந்தாங்ண்ணா இருக்குது. குழிக்குள்ள போயிருமுங்க."

கிறிஸ்டோ பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தான்.

பாட்டு முடிந்தது. பெட்டியைத் தூக்கச் சொல்லிப் பாஸ்டர் கை காட்டினார். சாரா ஓடிப்போய் நின்றாள். "அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்குதுங்க பாஸ்டர். அதையும் பாடிரலாங்க."

"மழை வராப்பல இருக்குதேம்மா."

ஆனாலும் பாடினார். சாரா உதட்டை மட்டும் அசைத்தாள், கண் திரையில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா. படுக்கையில் விழுவதற்கு முன்பு, பச்சைச் சேலையில் அம்மா. பாட்டும் முடிந்தது.

தூக்கினார்கள். முன்பக்கக் கைப்பிடியில் கிறிஸ்டோ, எதிரே பெரிய மாமா. பெட்டியை ஒட்டியே சாரா நடந்தாள். வாசல்படி தாண்டினால் வைஃபை எட்டாது. கையில் போன் அதிர்ந்தது. ஒரு சாம்பல் கட்டம், மூலையில் வீடியோ குறி. நடுவில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மெல்லங்க... மெல்ல நடங்க..." என்று முணுமுணுத்தாள்.

படிக்கு முன்னால் பெட்டி நின்றது.

"என்றா கிறிஸ்டோ, கனக்குதல்லோ!" என்றார் மாமா.

"கீழ வெய்ங்க மாமா. லேஸ் அவுந்துபோச்சு."

அவிழ்ந்திருக்கவில்லை. பெட்டியருகே குந்திய கிறிஸ்டோ, அதை அவனே அவிழ்த்தான். நிதானமாக இழுத்து முடிச்சுப் போட்டான். தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு அடுத்த காலை நீட்டினான்.