சூடாகிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் எழுதிய கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு லேப்டாப் மெதுவாகிவிட்டது. ஒரு கதைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

முதல் தொடக்கம்: அவன் லேப்டாப்பின் முன் நெடுநேரம் மௌனமாக அமர்ந்திருந்தான். மனித வாழ்க்கையே ஒரு

(ஒரு என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: இருப்பதையே ஓவர்கிளாக் செய்வதா, வேகமான புதிது ஒன்றை வாங்குவதா என்று அந்த எழுத்தாளன் தவித்துக்கொண்டிருந்தபோது, மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஓவர்கிளாக் என்றால், தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கும் மேலே கணினியை விரட்டுவது. தேநீரைப் பொறுத்தவரை, எங்கள் வீட்டில் நான்தான் போடுவேன். ஆனால் மனைவி கதைக்குள் வர ஏதாவது காரணம் வேண்டுமே.

2

இந்த எழுத்தாளன்மீது எனக்குச் சந்தேகம். தன் நாவல் முடியாததற்கு லேப்டாப்தான் காரணம் என்கிறான். நானும் அப்படித்தான் சொல்லிவருகிறேன், நண்பர்களும் நம்புகிறார்கள். மனைவி மட்டும் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "நீங்க டைப் பண்ற வேகத்துக்கு அதுதாங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள். அந்த வரியைக் கதையில் சேர்க்கவில்லை. கதாநாயகனின் மரியாதை என்னாவது?

உண்மையில் லேப்டாப் அவளுடையது. அவள் கடைகளுக்கும் வீடுகளுக்கும் உள் அலங்காரம் வரைபவள். சுவர், மேசை, விளக்கு எல்லாம் வரைந்து முடித்தபின், அது நிஜ அறைபோலத் தெரியும்படி கணினி ஒரு படம் தயாரிக்க வேண்டும். காலையில் விட்டால் சாயங்காலம் ஆகிவிடும். "படம் வேகுது" என்பாள். வேகும்போது யாரும் லேப்டாப்பைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

இன்று வேகிறது ஒரு பல் மருத்துவரின் கிளினிக். அந்த வேலை கிடைத்தால் புது லேப்டாப் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. கிடைக்காவிட்டால், சண்டை போட்டுவிட்டு வெளியே வந்த பழைய அலுவலகத்துக்கே திரும்பி, அதே மேலாளர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

(இதை முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு என் நாவல் நினைப்பு.)

3

தரைக்கான மாதிரி ஓடுகளைக் காட்ட அவள் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நானும் லேப்டாப்பும். கதைக்கு ஓவர்கிளாக் செய்யும் காட்சி ஒன்று தேவைப்பட்டது. அனுபவிக்காததை எழுதுவது ஏமாற்று வேலை என்று கூட்டங்களில் முழங்குகிறவன் நான். ஆகவே அதற்கான மென்பொருள் ஒன்றை இறக்கி, வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அப்படியே இந்தக் கதையையும் இதிலேயே திறந்து தட்ட ஆரம்பித்தேன். ஒரு கதை அப்படி என்ன பெரிய பாரம்?

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: கணினி பழுது பார்க்கும் மைத்துனனிடம் போனில் யோசனை கேட்டேன். ஏற்றிய பிறகு கேட்டேன். ரொம்பச் சூடானால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும் என்றான். அணைந்தால் வெந்துகொண்டிருக்கும் படம்? "முதல்லேருந்துதான் மச்சான்.")

படம் முக்கால்வாசியைத் தாண்டி நகராமல் நிற்கிறது. உள்ளே விசிறி அலறுகிறது. வேகத்தை இறக்கலாமென்றால் அந்த மென்பொருள் உறைந்துபோய் மூச்சே விடவில்லை. நான் தட்டும் எழுத்துகள் சற்றுத் தாமதித்துத்தான் திரைக்கு வருகின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக நான் லேப்டாப்பைவிட வேகமாக எழுதுகிறேன்.

4

முடிவு ஒன்று: படம் முடிகிறது. மருத்துவர் சொக்கிப்போகிறார். புது லேப்டாப் வருகிறது, பழையது எழுத்தாளனுக்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

இன்னொன்று: அணைந்துவிடுகிறது. கரண்ட் போய்விட்டது என்று அவன் சாதிக்கிறான். லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? மட்டமான முடிவு.

சரியான முடிவு: இப்போதே அவளிடம் சொல்லிவிடுகிறான். அதையும் எழுதிப்பார்த்தேன்.

"நான்தான் தொட்டுட்டேன்" என்றான் அவன். அதற்கு அவள்

அதற்கு அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கென்று நான் எழுதியது அந்தத் தேநீர் வரி ஒன்றுதான். வெட்கமாக இருக்கிறது.

5

போன் அடிக்கிறது. அவள்தான்.

"ஏங்க, டாக்டர் எதிர்லதான் உக்காந்திருக்கேன். நாளைக்கு வேற ஒருத்தரும் வராங்களாம். படம் சாயங்காலம் கண்டிப்பா வந்துடும்னு வாக்குக் குடுத்துடவா? இல்ல, கொஞ்சம் டைம் கேட்டுப் பாக்கவா?"

குரலில் அவ்வளவு நம்பிக்கை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இதைத் தட்டுகிறேன், அதாவது இன்னமும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் கையை நீட்டியிருப்பீர்கள். ஆனால் கேட்டது நீங்கள் இல்லை.

"இருக்கீங்களா?"

இந்தக் கதையை மூடுகிறேன். மூடினால் படத்துக்குக் கொஞ்சமாவது இடம் கிடைக்கும். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எழுதாமல் வாயால் சொல்லப்போகிறேன். அதற்கு அவள் சொல்லும் பதிலை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள், நடுவில் நான் பேசமாட்டேன்.