வர இயலாதவர்

ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் கூடத்தில் ஏறக்குறைய அறுநூறு பேர் இருந்தார்கள். பேச்சுத் துணைக்குத்தான் ஒருவரும் இல்லை. எல்லாம் சட்டம் போட்ட பழைய குழுப்படங்கள். பள்ளிக்கூட வகுப்பு, பந்தாட்டக் குழு, தீயணைப்புப் படை என்று யார் யாரோ கைகட்டி நின்றார்கள். எப்போதாவது வரும் அக்கா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"எவனெவனையோ மாட்டி வெச்சிருக்கியேடா! காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா சொந்தமா நாலு மூஞ்சி இருந்திருக்கும்."

அவரோ முகங்களைப் பார்த்துப் படம் வாங்குகிறவர் இல்லை. அடியில் இருக்கும் பெயர்ப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார். அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் எல்லாம் முடிந்த பிறகு சில படங்களில் 'வர இயலாதவர்' என்று ஒரு பெயர் இருக்கும். ஆள் வராவிட்டாலும் எங்களில் ஒருவர்தான் என்று சொல்லும் வரி அது. அந்த வரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவார்.

அவருடைய அலுவலகத்திலும் ஒரு படம் எடுத்தார்கள். அன்று பல்வலியில் கன்னம் வீங்கியிருந்தது. இந்த மூஞ்சியோடு படம் ஒரு கேடா என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். படம் சட்டம் போட்டு வருவதற்குள் வேறு கிளைக்கு மாற்றல். கடைசி வரியில் தன் பெயரைப் போட்டார்களா, இல்லை மறந்தே போனார்களா? இருபத்தெட்டு வருடமாக மனிதரை அரித்த கேள்வி இதுதான்.

ஒருநாள் பழைய சாமான் கடைக்காரர் கூப்பிட்டார். "சார், உங்க பழைய ஆபீஸை இடிக்கிறாங்க. படம் ஒண்ணு வந்திருக்கு."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். படத்தில் 'வர இயலாதவர்' என்ற வரியே இல்லை. மனசு கேட்காமல் முதலிலிருந்து படித்தார். நிற்பவர்களில் கடைசியாக அவர் பெயர்! விரலை மேலே நகர்த்தினால், அந்த இடத்தில் அலுவலக லிஃப்ட்காரர் நிற்கிறார்.

விஷயம் புரிந்தது. அன்று பக்கத்து மேஜைக்காரர் நட்புக்காக இவர் கையெழுத்தையும் போட்டுவிட்டார். பட்டியலை அடித்த புண்ணியவான் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அடித்திருக்கிறான். வரிசையில் ஒரு ஆள் குறையவே லிஃப்ட்காரரை நிறுத்தியிருக்கிறார்கள்.

"இதுல நீங்க எங்க சார்?" என்றார் கடைக்காரர்.

அவர் லிஃப்ட்காரரைத் தொட்டார். "இதோ."

"அடேயப்பா, ஆளே மாறிட்டீங்களே!"

"வயசாகுதில்ல."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொய் உறுத்தியது. மறுபடி வேலைக்குப் போனபோது, "பல்லு எப்படி சார் இருக்கு?" என்று கேட்டது அந்த லிஃப்ட்காரர் ஒருவர்தான். அந்த முகத்துக்குக் கீழே அதன் சொந்தப் பெயரே இருக்கட்டும். சட்டத்தைக் கழற்றினார். தன் பெயரை பிளேடால் பதமாகச் சுரண்டினார். பேனாவைத் திறந்தார்.

பெயர்?

பதினோரு வருடம் தினமும் ஏறி இறங்கியிருக்கிறார். 'லிஃப்ட்!' என்று கூப்பிட்டதோடு சரி. அவமானமாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரருக்குப் போன் போட்டார்.

"யாரு, நம்ம லிஃப்ட்டா?" மேஜைக்காரர் சிரித்தார். "ஆமா, அவனுக்குப் பேர் என்னப்பா?"

பேனாவை மூடினார். பெயர் இருந்த இடம் வெள்ளையாகத் தெரிய, படத்தை நாற்காலிக்கு எதிரே மாட்டினார். அறுநூறு பேரில் அவரை நலம் விசாரித்த முகம் அது ஒன்றுதான். அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்குத் தெரியவில்லை.